கணக்கெடுப்பா, படமா, புள்ளி அட்டையா, ஆர்.டி.ஐ. படிவமா? வாவிக்கரைக் குடியிருப்புக்கு எது பொருந்தும்

“சேர், எங்கட கையில ஆறு பொம்பிளையளும் ரெண்டு ஸ்மார்ட் போனும் இருக்கு. அடுத்த மாரிக்கு முதல் எதாவது செய்யணும். எதில தொடங்குற?”

மட்டக்களப்புப் பக்கம் ஒரு வாவிக்கரைக் குடியிருப்பின் மாதர் சங்கச் செயலாளர் அக்கா இப்படிக் கேட்டார். கல்முனைப் பக்கத்து இளைஞர் குழு ஒன்றும் கிட்டத்தட்ட இதையே கேட்டிருந்தது. அவர்களுக்கு வாவிக்குப் பதில் கடல், மாதர் சங்கத்துக்குப் பதில் பள்ளிவாசல் நிர்வாகம். மற்றதெல்லாம் ஒன்றுதான். மழை வந்தால் கான் நிரம்பும். மணல் நிலத்தில் நிலத்தடி நீர் ஏறி வர, கக்கூசுக் குழியும் நிரம்பும். கிணற்றுத் தண்ணீர் மணக்கும். தைக்குள் நுளம்பும் காய்ச்சலும் வந்து சேரும்.

இதெல்லாம் அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாத விடயமல்ல. செய்ய வேண்டிய ஆளைச் செய்யவைப்பதுதான் சிக்கல். அதற்காகத்தான் மக்களே தரவு சேர்த்து, மக்களே அதை வைத்துக் கேள்வி கேட்கும் பங்குகொள் ஆய்வு முறைகள் உலகின் பல நகரங்களில் பழக்கத்துக்கு வந்தன. நைரோபி, டாக்கா, ஃப்ரீடவுன், விஜயவாடா என்று பல ஊர்களில் 2019 முதல் நடந்த ‘அரைஸ்’ என்ற கூட்டு ஆய்வுக்கும் இதுதான் அடிப்படை: ஒழுங்கற்ற குடியிருப்புகளில் உடல்நலம், அதற்குப் பொறுப்புக் கூற வேண்டியவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்பது. ‘சேரி’ என்ற சொல்லை நம் பக்கத்தில் யாரும் பாவிப்பதில்லை. வாவிக்கரை, குடியேற்றம், ஸ்கீம் என்றுதான் சொல்கிறோம். பெயர் எதுவானாலும் கான் அதே கான்தான்.

கையில் இருக்கும் வழிகள் நான்கு: வீடு வீடாகக் கணக்கெடுப்பது, படம் பிடித்துக் காட்டுவது, சேவைக்குப் புள்ளி போடும் அட்டை, தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் கந்தோரிடம் தகவல் கேட்கும் ஆர்.டி.ஐ. படிவம். நான்கையும் ஒன்றாகச் செய்யப் போனவர்கள் நான்கையும் பாதியில் விட்டதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றையோ இரண்டையோ எடுப்போம்.

## முதலில் அளவுகோல்

பதில் சொல்ல வேண்டியவர் யார்? இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒழுங்கைக்குள் இருக்கும் கானும் குப்பையும் உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. அதே கான் பெரிய வீதியில் சேரும் இடம் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையதாக இருக்கலாம். நுளம்புப் பரிசோதனைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.), கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்க வரும் மிட்வைஃப் மிஸ் ஆகியோர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் ஆட்கள். குழாய்த் தண்ணீர் நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை. காணி பிரதேச செயலகம். கடற்கரையோரம் என்றால் கரையோரம் பேணல் திணைக்களமும் வரும். ஒரு ஒழுங்கையின் நோய்க்கு ஐந்து கந்தோர்! ஐந்தும் “அது எங்கட இல்ல” என்று சொல்ல முடியும், அதிலே நாலு கந்தோர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். இதற்கு மேல், 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025 மே மாதம் தேர்தல் நடக்கும் வரை இரண்டு வருடத்துக்கு மேல் கேட்பதற்கு உறுப்பினர் கூட இருக்கவில்லை. எனவே உங்கள் பிரச்சினையில் எந்தக் கந்தோரின் எந்த மேசை என்று தெரியாமல் எந்த முறையையும் தொடங்க வேண்டாம்.

யாருடைய நேரம் செலவாகும்? பங்குகொள் ஆய்வு மலிவானது என்று சொல்பவர்கள் பெண்களின் நேரத்துக்கு விலை போடாதவர்கள். கூலிக்குப் போகும் ஒருவர் ஒரு நாள் கணக்கெடுக்கப் போனால் அந்த நாள் சம்பளம் போயிற்று. வீட்டில் இருப்பவர் போனால் சமையலும் பிள்ளையும் வேறொருவர் தலையில்.

கந்தோரில் அது சாட்சியாக நிற்குமா? “எல்லாருக்கும் காய்ச்சல்” என்பது முறைப்பாடு. “கார்த்திகை முதல் தை வரை இந்த 40 வீட்டில் இத்தனை வீட்டின் குழி பொங்கியது” என்பது சாட்சி.

யாருக்கு ஆபத்து? வாவிக்கரையோரம் அரசு ஒதுக்கி வைத்த ஒதுக்குக் காணியில், பெர்மிட் இல்லாமல் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் நல்ல நோக்கத்தில் தயாரானாலும், நாளை எழுப்பி விடுவதற்கான பட்டியலாக மாறலாம்.

அடுத்த நாள் என்ன? அறிக்கை கொடுத்த பிறகு யார் தொடர்ந்து போவார்? இதற்குப் பதில் இல்லையென்றால் முறையைத் தெரிவு செய்வதே வீண்.

## வழி 1: வீடு வீடாகக் கணக்கெடுப்பும் வரைபடமும்

இது பழைய, பெயர் பெற்ற வழி. 1985 இல் மும்பை நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அதே ஆண்டில், ஸ்பார்க் என்ற அமைப்பு அந்த மக்களோடு சேர்ந்து அவர்களைத் தலை எண்ணியது. அரசின் எந்தக் கணக்கிலும் இல்லாதவர்கள் தங்களைத் தாங்களே கணக்கில் சேர்த்தார்கள். கராச்சியின் ஒரங்கியில் 1980 இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டத்தில், இளைஞர்கள் ஒழுங்கைகளையும் கான்களையும் வரைபடமாக்கினார்கள். அதை வைத்து மக்கள் தங்கள் காசில் ஒழுங்கைக் குழாய்களைப் போட்டு, வெளியே பெரிய கான் போடுவது அரசின் வேலை என்று பிரித்துக் காட்டினார்கள். நம் நாட்டில் கொழும்பு மாநகர சபையும் சேவனத்த அமைப்பும் 2001 இல் சேர்ந்து எடுத்த கணக்கு 1,614 குடியிருப்புகளையும் 77,612 குடும்பங்களையும் பதிவு செய்தது. ஒரு மாநகர சபைக்குத் தன் நகரத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிய வைத்த வேலை அது.

சரி, ஆறு பெண்கள், இரண்டு போன். கணக்குப் பார்ப்போம். 120 வீடு, வீட்டுக்கு 25 நிமிடம் என்றால் 50 மணித்தியாலம். இருவர் இருவராக மூன்று சோடி போனால் சோடிக்கு 17 மணித்தியாலம். கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் பூட்டிய வீட்டுக்குத் திரும்பப் போவது, தேத்தண்ணி கொடுத்து உட்காரவைப்பவர்களிடம் ஒரு மணித்தியாலம் கதைப்பது, இரவில் தாள்களை எண்ணுவது எல்லாம் அந்த 50 இல் இல்லை. நான் என் அனுபவத்தில் எப்போதும் இரண்டரை மடங்கு போடுவேன்.

போன் வரைபடத்திலும் ஒரு சூட்சுமம். திறந்த வெளியிலேயே போனின் ஜி.பி.எஸ். சில மீற்றர் பிசகும். எட்டு அடி ஒழுங்கையில் அந்தப் பிசகு உங்கள் கிணற்றைப் பக்கத்து வளவில் கொண்டுபோய் வைக்கும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலான தூரத்தை அளக்க வேண்டுமென்றால் தையல் அக்காவின் அளவு நாடாவோ, முடிச்சுப் போட்ட கயிறோ போதும். 50 அடி இருக்க வேண்டும் என்று பி.எச்.ஐ.மார் வழக்கமாகச் சொல்வார்கள். நெருக்கமான வளவுகளில் அது எங்கே இருக்கப் போகிறது? சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் கேட்டால் சிரிப்பார்கள்.

மறைந்திருக்கும் செலவு மூன்று.

ஒன்று, சலிப்பு. சுனாமிக்குப் பிறகு நம் ஆட்கள் நிரப்பாத படிவம் இல்லை. “இன்னொரு ஃபோமா மகள்?” என்று வாசலிலேயே கேட்பார்கள். நிவாரணம் என்று நினைத்து ஆள் கணக்கைக் கூட்டிச் சொல்பவரும் உண்டு. ஒரே வளவில் இருக்கும் கலியாணம் முடித்த மகளைத் தனிக் குடும்பமாக எண்ணுவதா என்பதில் தொடங்கும் சண்டை சங்கம் வரை போகும்.

இரண்டு, ஏற்கனவே இருப்பதைத் திரும்ப எண்ணுவது. ஆட்தொகை ஜி.எஸ். என்ற கிராம சேவகரிடம் இருக்கிறது. கர்ப்பிணி, பிள்ளை விபரம் மிட்வைஃபின் பதிவேட்டில் இருக்கிறது. எந்தக் கந்தோரிலும் இல்லாததை மட்டும் கேளுங்கள்: எந்த மாதம் குழி பொங்குகிறது, குப்பை உழவு இயந்திரம் கடைசியாக எப்போது வந்தது, குடிக்கும் தண்ணீரை யார் எங்கிருந்து தூக்கி வருகிறார்கள். ஐந்து கேள்வி, ஐந்து நிமிடம்.

மூன்று, ஆபத்து. ஒரங்கித் திட்டத்தின் வரைபட வேலையை முன்னெடுத்த பர்வீன் ரஹ்மான் 2013 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். காணியும் தண்ணீரும் யார் கையில் இருக்கிறது என்று வரைபடம் காட்டும்போது சிலருக்கு அது பிடிக்காது. நம் ஊர் கராச்சி அல்ல. ஆனால் ஒதுக்குக் காணி என்றால் பெயரை எழுதாமல் வீட்டுக்கு ஓர் இலக்கம் போடுங்கள். பெயரும் இலக்கமும் சேர்ந்த கொப்பி ஒரே ஒரு ஆளிடம் இருக்கட்டும். நோய் விபரம் என்றால் இன்னும் கவனம் தேவை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலைத் தனி வகையாகத்தான் வைத்திருக்கிறது.

இந்த வழி எப்போது சரி? காணி, முகவரி, குடிநீர் இணைப்பு போல “நாங்கள் இருக்கிறோம்” என்பதையே நிறுவ வேண்டிய இடத்தில். கான் துப்புரவுக்காக மட்டும் முழுக் கணக்கெடுப்புச் செய்வது கொக்குக்குப் பீரங்கி.

கணக்கெடுப்போடு சேர்த்துச் செய்யக்கூடிய இரண்டு சின்னப் பரிசோதனைகள் இருக்கின்றன. ஐதரசன் சல்பைட்டுப் போத்தல் பரிசோதனையில், மலக்கிருமி கலந்திருக்கக்கூடிய தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். அது ஆய்வுகூட முடிவுக்குச் சமமல்ல, ஆனால் கறுத்த போத்தல்களை மேசையில் வரிசையாக வைத்தால் அந்த மேசையில் கதையின் போக்கே மாறும். மற்றது நுளம்புக் கணக்கு. நூறு வீட்டுக்குக் குடம்பி உள்ள பாத்திரங்கள் எத்தனை என்ற பிரட்டோ சுட்டெண். பி.எச்.ஐ. பாவிக்கும் அதே அளவை நீங்களும் பாவித்தால் அவருக்கு மறுக்க இடமில்லை. முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஏழு முதல் பத்து நாள்தான் என்பதால் இதைக் கிழமைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்து விடுவதில் பயனில்லை.

## வழி 2: படம் பிடித்துச் சொல்லுதல்

1990களில் சீனாவின் யுன்னான் கிராமப் பெண்களிடம் கமராவைக் கொடுத்து கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகியோர் உருவாக்கிய முறை. ஆளுக்குப் பத்துப் படம். பிறகு உட்கார்ந்து கதைப்பது: இதில் என்ன தெரிகிறது, உண்மையில் என்ன நடக்கிறது, இது நம் வாழ்க்கையை எப்படித் தொடுகிறது, ஏன் இப்படி, நாம் என்ன செய்யலாம். படத்தை விட அந்தக் கதைதான் ஆய்வு. எழுதத் தெரியாதவர், கூட்டத்தில் வாய் திறக்காதவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் பங்கெடுக்கக்கூடிய ஒரே வழி இதுதான். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கும் ஊரில் படத்தைக் காட்சிக்கு வைக்க ஆளும் இடமும் கிடைக்காமல் போகாது.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின்படி, வளவில் நுளம்பு பெருகாமல் பார்க்க வேண்டியவர் அங்கே குடியிருப்பவர். தண்ணீர் தேங்கிய சிரட்டையும் டயரும் என்று அழகாக ஒரு படம் எடுத்துக் காட்சிக்கு வைத்தீர்கள் என்றால், குற்றவாளி கானை விட்ட கந்தோர் அல்ல, உங்கள் பக்கத்து வீட்டு அன்ரி! அதனால் ஒரு விதி: தனி வளவைப் படம் எடுக்க வேண்டாம், பொதுவிடத்தை எடுங்கள். முகமும் பிள்ளைகளும் தெரியும் படத்துக்கு வாய்ச் சம்மதம் போதாது, படத்தைக் காட்டித் திரும்பவும் கேளுங்கள். வட்ஸ்அப்பில் ஒருமுறை போன படம் திரும்பி வராது.

படம் மனதை அசைக்கும், கோப்பை அசைக்காது. ஊருக்குள்ளேயே “இது பிரச்சினைதான்” என்று ஒத்துக்கொள்ள வைக்க வேண்டிய கட்டத்தில் இதை எடுங்கள். கந்தோரில் கையெழுத்து வாங்க வேண்டிய கட்டத்தில் வேறு வழியைப் பாருங்கள்.

## வழி 3: புள்ளி அட்டை

2002 இல் மலாவியில் கேர் என்ற தொண்டு நிறுவனம் உருவாக்கியது. மக்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து சேவைக்குப் புள்ளி போடுவார்கள். சேவை தருபவர்கள் தனியாக உட்கார்ந்து தங்களுக்குத் தாங்களே புள்ளி போடுவார்கள். பிறகு இரண்டு அட்டையையும் ஒரே சுவரில் ஒட்டி, இரண்டு தரப்பும் நேருக்கு நேர் கதைத்து, யார் எதை எந்தத் திகதிக்குள் செய்வது என்று எழுதிக்கொள்வார்கள். ஆறு மாதத்தில் திரும்ப அதே புள்ளி.

இது எனக்குப் பிடித்த வழி என்பதை முதலே சொல்லிவிடுகிறேன், அதனால் இதன் குறைகளைக் கொஞ்சம் கூடவே பார்க்கிறேன்.

இதன் பலம், புள்ளி ஏன் குறைந்தது என்று இரண்டு பக்கமும் கேட்கும் நேரத்தில் இருக்கிறது. நான் இருந்த ஒரு கூட்டத்தில் ‘மிட்வைஃப் வீட்டுக்கு வருவது’ என்பதற்குத் தாய்மார் ஐந்துக்கு இரண்டு போட்டார்கள். மிஸ் தனக்குத் தானே மூன்றுதான் போட்டிருந்தார். காரணம் கேட்டபோது, தன் பிரிவோடு இன்னொரு வெற்றிடப் பிரிவையும் தானே பார்ப்பதாகச் சொன்னார். ஒரு மிட்வைஃபுக்குச் சுமார் 3,000 பேர் என்பது பொதுவான அளவு, அவர் கையில் அதற்கு மேல். அறைக்குள் இருந்த கோபம் அப்படியே திசை மாறியது. கடைசியில் தாய்மாரும் மிஸ்ஸும் சேர்ந்து மேலே ஒரு கடிதம் எழுதினார்கள். எந்தக் கணக்கெடுப்பும் இதைத் தந்திராது.

இப்போது குறை. நாளைக்கும் அதே மிஸ்தான் வரப் போகிறார். பிள்ளைக்கு ஊசி போடுபவருக்கு யார் ஒன்று போடுவார்? எல்லாரும் நாலும் ஐந்தும் போட்டுவிட்டு வெளியே வந்து குறை சொன்ன கூட்டமும் பார்த்திருக்கிறேன். புள்ளியைக் கை உயர்த்திக் கேட்காமல், கச்சான் கொட்டையோ சிப்பியோ கொடுத்து மூடிய பெட்டியில் போடச் சொன்னால் இது கொஞ்சம் குறையும். ஆண்களும் பெண்களும் தனித்தனியாகப் போடட்டும். கல்முனைப் பக்கம் பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு அறிவிப்பில் நூறு பேரைக் கூட்டிவிடும், ஆனால் அந்த நூறில் பெண்கள் எத்தனை பேர்? குழி பொங்கினால் கழுவுவது யார் என்று கேட்டால், யார் புள்ளி போட வேண்டும் என்பதும் தெரியும்.

இன்னொரு மறைந்த செலவு இடமாற்றம். ஆறு மாதம் பேசிப் பழகிய உத்தியோகத்தர் மாறிப் போனால் திரும்ப முதலிலிருந்து. அதனால் கூட்ட முடிவை ஆளின் பெயரில் எழுதாமல் பதவியின் பெயரில் எழுதி, பணிமனையின் முத்திரையோடு ஒரு பிரதி வாங்கி வையுங்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? உகண்டாவில் 50 சமூகங்களில் நடந்து 2009 இல் வெளியான ஒரு பரிசோதனை, மக்கள் கண்காணிப்பால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் இறப்பு 33 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. உலகமே அதைத் தூக்கிப் பிடித்தது. பிறகு அதே நாட்டில் 376 சுகாதார நிலையங்களில் பெரிதாகச் செய்து பார்த்தபோது பராமரிப்பின் தரம் கொஞ்சம் கூடியது, இறப்பு எண்ணிக்கையில் மாற்றம் தெரியவில்லை. எனக்கு இதில் விளங்குவது: எதிரே உட்கார்ந்திருப்பவரால் மாற்றக்கூடிய விடயத்துக்குத்தான் புள்ளி அட்டை வேலை செய்யும். கிளினிக் நேரம், வீட்டு வருகை, மரியாதையாகக் கதைப்பது, குப்பை வரும் நாள் எல்லாம் அவர் கையில் இருக்கின்றன. கான் கட்டுவதற்கான காசு அவர் கையில் இல்லை. அதற்கு அவரிடம் புள்ளி கேட்பது அநியாயம்.

## வழி 4: ஆர்.டி.ஐ. படிவமும் பொதுவில் வாசித்தலும்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. உள்ளூராட்சி சபை, பிரதேச செயலகம், சுகாதாரப் பணிமனை எல்லாம் இதற்குள் வரும். தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அதிகாரி அதை எழுதி எடுக்க வேண்டும். கொடுத்த உடனே ஏற்றுக்கொண்டதற்கான துண்டு தர வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவுக்கு 14 வேலை நாள். மறுத்தால் அல்லது பதிலே வராவிட்டால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அவர் மூன்று கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. ஒருவரின் உயிரோடோ தனிப்பட்ட சுதந்திரத்தோடோ தொடர்பான தகவல் என்றால் 48 மணித்தியாலம் என்ற ஏற்பாடும் உண்டு.

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தவறுவது கேள்வியில். “எங்கட கானை ஏன் துப்புரவு செய்யவில்லை?” என்பது தகவல் கேட்பதல்ல, சண்டை. அதற்கு “ஆளணி பற்றாக்குறை” என்று ஒரு வரி வரும். அதிகாரியின் அபிப்பிராயத்தைக் கேட்காதீர்கள், அலுமாரியில் இருக்கும் பதிவேட்டைக் கேளுங்கள்: “சென்ற வருடம் ஜனவரி முதல் டிசெம்பர் வரை இந்த வட்டாரத்தில் கலி பவுசர் (குழிக் கழிவை உறிஞ்சும் வண்டி) சேவை வழங்கிய திகதிகளைக் காட்டும் பதிவேட்டின் பிரதி.” “வடிகான் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை, வேலை நடந்த இடங்களின் பட்டியல்.” இப்படிக் கேட்டால் வரும் தாள், வழி 1 இல் 50 மணித்தியாலம் செலவழித்துச் சேர்ப்பதன் மறுபாதி. நீங்கள் எண்ணியது நடந்ததை. அவர்கள் தருவது நடந்ததாக எழுதியதை. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் போதும்.

அந்த வாசிப்பை ஊர்க் கூட்டத்தில் செய்வது 1994 இல் ராஜஸ்தானின் தொழிலாளர், விவசாயிகள் இயக்கம் ஒன்று தொடங்கிய பழக்கம். ஊராட்சியின் சம்பளப் பட்டியலைப் பெயர் பெயராகச் சத்தமாக வாசிப்பார்கள். “இந்த நாளில் நீ வேலைக்குப் போனாயா?” “இல்லையே, அப்ப எனக்கு வயிற்றில் பிள்ளை.” அந்த வேகம்தான் பிறகு 2005 இந்தியத் தகவல் சட்டம் வரை வந்தது.

மறைந்த செலவு: படிவத்தில் ஒருவரின் பெயர்தான் இருக்கும். சின்ன ஊர். மாலைக்குள் “ஆர்.டி.ஐ. போட்ட ஆள்” யார் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஆளுக்கு நாளை வேறொரு கையெழுத்துத் தேவைப்படலாம். அஸ்வெசும போல ஏதாவது ஒரு அரச உதவிக் கொடுப்பனவுக்குக் காத்திருப்பவரின் பெயரில் போட வேண்டாம். ஒழுங்கைக்கு வெளியே இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், சட்ட மாணவர் யாராவது முன்வந்தால் நல்லது. இன்னொன்று, பதிவேடே இல்லையென்றால் தர எதுவும் இல்லை. ஆனால் “பதிவேடு பேணப்படவில்லை” என்று எழுத்தில் வாங்குவதும் ஒரு கண்டுபிடிப்புத்தான்.

## பல்கலைக்கழகத்திடம் விட்டுவிடலாமா?

விடலாம், நிபந்தனையோடு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். தண்ணீர்ப் பரிசோதனைக்கு ஆய்வுகூட முடிவு வேண்டுமென்றால் இவர்கள் வேண்டும். ஒழுக்கநெறிக் குழு அனுமதிக்கு மாதக்கணக்கில் போகும், மாரி காத்திருக்காது. தரவின் ஒரு பிரதி ஊரில் இருக்க வேண்டும், முடிவு இரண்டு பக்கத் தமிழில் வர வேண்டும். இந்த இரண்டையும் முதலே எழுதி வாங்குங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கணக்கெடுப்பு, வரைபடம் | படம் | புள்ளி அட்டை | ஆர்.டி.ஐ. |
|---|---|---|---|---|
| யாரை அசைக்கும் | பிரதேச செயலகம், திட்டமிடுபவர் | ஊரை, ஊடகத்தை | மிட்வைஃப், பி.எச்.ஐ., குப்பைப் பிரிவு | சபையின் கணக்குப் பிரிவு, செயலாளர் |
| ஊர் கொடுக்கும் நேரம் | மிக அதிகம் | நடுத்தரம் | மூன்று, நான்கு கூட்டம், ஆறு மாதத்தில் திரும்ப | மிகக் குறைவு, காத்திருப்பு அதிகம் |
| காசு போகும் இடம் | போட்டோக் கொப்பி, கூலி இழப்பு | அச்சு | தேத்தண்ணி, மண்டபம் | பிரதி, பஸ் |
| ஆபத்து | காணிப் பட்டியல் | அயலவரைக் காட்டிக்கொடுத்தல் | பயத்தில் பொய்ப் புள்ளி | ஒரே ஒருவர் தனியே நிற்பது |
| எடுக்க வேண்டாம் | பிரச்சினை ஒரு கான் மட்டும் என்றால் | உடனடி முடிவு தேவை என்றால் | அதிகாரி வர மறுத்தால் | பதிவேடு தேவையில்லாத, மரியாதை சம்பந்தப்பட்ட குறை என்றால் |

## நான் அந்த அக்காவுக்குச் சொன்னது

அவர்களுடைய ஒழுங்கையில் பெரிய வில்லங்கம் குழி. கலி பவுசருக்குக் காசு கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள், கட்ட முடியாமல் வாளியால் இறைப்பவர்கள், இரவில் கானுக்குள் திறந்து விடுபவர்கள் என்று மூன்று வகை. மூன்றாவது வகை இருக்கும் இடத்தில் படம் எடுக்கப் போனால் ஊர் இரண்டாகும், எனவே வழி 2 முதலிலேயே கழிந்தது. காணி ஒதுக்குக் காணி, பெயர்ப் பட்டியல் வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள், எனவே முழுக் கணக்கெடுப்பும் இல்லை. பி.எச்.ஐ. நல்லவர், கூப்பிட்டால் வருவார், ஆனால் பவுசர் அவருடையதல்ல. புள்ளி அட்டையை நுளம்புக்கும் கிளினிக்குக்கும் மட்டும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஆக, மிஞ்சியது ஆர்.டி.ஐ. ஒன்றும், பெயரில்லாத ஐந்து கேள்விச் சின்னக் கணக்கு ஒன்றும். வரிசை முக்கியம்: படிவம் முதலில். 14 வேலை நாள் ஓடிக்கொண்டிருக்கும்போது கணக்கை எடுத்துவிடலாம். இடையில் சித்திரை வருடப்பிறப்பு விடுமுறை வந்தால் அந்த 14 இன்னும் நீளும். சபையின் வரவு செலவுத் திட்டம் டிசெம்பரில் வரும் என்பதால் இரண்டு தாளும் ஐப்பசிக்கு முன் உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். மாரி தொடங்கிய பிறகு கொடுத்தால் மண் மூட்டை தருவார்கள், பவுசர் வராது.

யார் பெயரில் போடுவது என்பதில்தான் ஒரு மாலை முழுக்கப் போனது. கடைசியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், “எனக்கு இனி ஒரு கந்தோரிலயும் அலுவல் இல்ல, என்ட பேரப் போடுங்க” என்றார். படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்து, ஏற்றுக்கொண்ட துண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அக்காவிடம் தந்தார். அக்கா கதவுக்குப் பின்னால் தொங்கும் கலண்டரில் சனி, ஞாயிறு, போயா எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, பதினான்காவது வேலை நாளைச் சிவப்புப் பேனையால் சுற்றி வைத்திருக்கிறார். அந்த நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.